பெட்டியின் பெயரை நம்பலாமா?

கணினியிற் செருகிய யூ.எஸ்.பி. வைஃபைக் கருவி இயங்காதுவிடின், "இது பழுது" என்று உடனே தீர்ப்பளித்துவிடுகிறோம். இணையத்தின்வழி பாடங் கற்கும் மாணவனுக்கு அத்தீர்ப்பினால் விளையும் நட்டம் சிறிதன்று. பல வேளைகளிற் குறை கருவியிலன்று. 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள் பொருந்தாமையே காரணம்.

இயக்கியைத் தேடுவோர்க்குப் பெட்டியிலுள்ள பெயர் மட்டும் போதாது. ரி.பி.-லிங்க் நிறுவனத்தின் 'ரி.எல். டபிள்யூ.என். 722 என்.' என்னும் கருவியை நோக்குவோம். முதற் பதிப்பினுள் இருந்தது அதெரோஸ் சில்லு. இரண்டாம் பதிப்பிலோ றியல்ரெக் சில்லு. பெயர் ஒன்றே, எனினும் ஒன்றின் இயக்கி மற்றதற்கு உதவாது.

ஆதலின், மெய்யான அடையாளத்தை அறிதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் 'டிவைஸ் மனேஜர்' பகுதியைத் திறந்து, கருவியின் விபரங்களில் 'ஹார்ட்வெயார் ஐடி' என்பதைத் தெரிவுசெய்தால் இரு குறியீடுகள் தோன்றும். முன்னையது நிறுவனத்தையும் பின்னையது பொருளையும் சுட்டும். அவற்றுக்குரிய இயக்கியை உற்பத்தியாளரின் தளத்திலிருந்து வேறொரு கணினியிற் பெற்று, பென் டிரைவிற் கொணர்ந்து, பழைய இயக்கியை நீக்கியபின் நிறுவுக.

சில கருவிகள் முதலில் இறுவட்டுப்போலத் தோற்றமளிக்கும். அஞ்சவேண்டா, இயக்கி அதனுள்ளேயே இருக்கும்.

வாசகர்களே, கருவியை வீசுமுன் குறியீட்டை ஒருமுறை நோக்குவோமாக!