பணம் போய்ச் சேர்ந்ததா?

கிளைகளில் நாங்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது. பிளாக்செயின் பரிவர்த்தனைக்கு இதனை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்கலாம். பரிவர்த்தனைக் குறியீட்டைக் கொடுத்தால், அது பொதுப் பேரேட்டைப் பார்த்து ‘நிலுவை’, ‘வெற்றி’, ‘தோல்வி’ என்று சொல்லும்.

ஆயினும் ‘வெற்றி’ என்பது பேரேட்டில் பதிவானதை மட்டுமே குறிக்கும். தவறான முகவரிக்கு அனுப்பினாலும் ‘வெற்றி’ என்றே வரும். யூபிஐயில் பற்றாகியும் பெறுநர் கணக்கில் வரவாகாத தொகை மறுநாளுக்குள் திரும்ப வேண்டும் என ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்தது. பிட்காயின் போன்ற பொதுப் பேரேடுகளிலோ திருப்பித் தருவார் எவருமிலர்.

ஆகவே பெறுநர் முகவரியையும் தொகையையும் நாமே ஒப்பிடுவோம். நிலையறியக் குறியீடு ஒன்றே போதும். 12 அல்லது 24 சொற்களாலான மீட்புத் தொடரைக் கேட்கும் கருவி மோசடியே. ஏமாந்தால் உடனே 1930-ஐ அழைப்போம்.