வீட்டு முற்றத்திற்கு ஒரு கெமுனிங் மரம்

செடெனாக் போன்ற தோட்டப்புறங்களில் வீட்டு வாசலுக்கும் சாக்கடைக்கும் இடையே கிடைக்கும் நிலம் பெரும்பாலும் சில அடிகளே. நிழலை விரும்பி அங்கே ஓங்கி வளரும் மரத்தை நட்டுவிட்டால், பின்னாளில் அதன் வேர் சாக்கடைச் சுவரைப் பிளக்கும். பெருங்காற்றில் கிளை முறிந்து கூரைமீது விழும். சிறிய முற்றத்திற்குச் சிறிய மரமே ஏற்றது. நம் நாட்டு மண்ணில் இயற்கையாக வளரும் கெமுனிங் அத்தகைய மரமாகும்.

கெமுனிங், நாம் நன்கறிந்த கறிவேப்பிலையைப் போன்று எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பொதுவாக 7 மீட்டருக்குமேல் உயர்வதில்லை. இலைகள் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். வெண்ணிறப் பூக்கள் நறுமணம் மிக்கவை. சிவந்த சிறு பழங்களைப் பறவைகள் உண்ணும். மஞ்சள் நிறமுடைய இதன் உறுதியான கட்டையைக் கொண்டு மலாய்க் கைவினைஞர்கள் கிரிஸ் கத்திக்குப் பிடி செதுக்கினர்.

நடுவதற்குமுன் நிலத்தைச் சோதித்தல் வேண்டும். முன்பு பால்மரம் நின்ற இடமாயின், மண்ணில் எஞ்சிய அடிக்கட்டையிலும் வேர்களிலும் வெண்வேர் நோய்ப் பூசணம் தங்கியிருக்கக்கூடும். வேரின்மேல் வெண்ணிற இழைகள் படர்ந்திருப்பது இதன் அடையாளம். இந்நோய் பால்மரத்தை மட்டுமன்றி வேறு பல மரங்களையும் தாக்க வல்லது. வேரோடு வேர் உரசும்போது பரவுகிறது. ஆகவே, பழைய வேர்த்துண்டுகளைத் தோண்டி அகற்றிய பின்னரே கன்றை நட வேண்டும்.

பழுத்த பழத்தின் சதையை நீக்கி, விதையை உலரவிடாமல் உடனே விதைக்கலாம். கன்று ஓரளவு வளர்ந்ததும், மழைக்காலத் தொடக்கத்தில், சுவரிலிருந்து 2 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நடுக. குழி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் இருந்தால் போதும். மட்கிய எருவை மண்ணுடன் கலந்திடுக. நீர் தேங்கவிடலாகாது. வேர் ஊன்றும்வரை வெயில் நாட்களில் தவறாது நீர் ஊற்றுக. பூத்து முடிந்தபின் கிளைகளைக் கத்தரித்தால் மரம் அடக்கமாக இருக்கும்.

மற்றோர் எச்சரிக்கை: எலுமிச்சைச் செடிக்கு அருகில் கெமுனிங் நடலாகாது. சாறு உறிஞ்சும் ஒருவகைச் சிறு பூச்சி கெமுனிங்கின் தளிர்களில் பெருகி, எலுமிச்சைக்கு இலை மஞ்சளாகும் கொடிய நோயைக் கொண்டு செல்லும். அந்நோய் கண்ட செடியைக் குணப்படுத்த வழியில்லை.

தோட்ட நிர்வாகத்தின் வீடாயின், முன்னதாக இசைவு பெறுதல் நலம். அண்டை வீட்டாரும் சேர்ந்து கூட்டுப்பணியாகப் பழைய வேர்களை அகற்றினால் வேலை எளிதாகும். ஒரு வீட்டு நிலத்தில் எஞ்சிய நோய் அடுத்த வீட்டு மரத்திற்குப் பரவாது.