சுவரைத் தட்டிப் பாருங்கள், ஃபிளாரன்ஸ் திறக்கும்!

டேவிட் சிலையைப் பார்க்க நிற்கிற அந்த அனுமார் வால் வரிசையை விடுங்கள். பேசாமல் என் பின்னால் வாருங்கள். ஃபிளாரன்ஸின் அசல் வேடிக்கையெல்லாம் கதவுக்குப் பின்னால், கூரைக்கு மேலே, தரைக்குக் கீழேதான் நடக்கிறது!

முதலில் தரைக்குக் கீழே. சான் லொரென்சோ தேவாலயத்தை ஒட்டி, ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தாரின் கல்லறை மாடம் இருக்கிறது. 1975-இல், பார்வையாளர்கள் வெளியேற இன்னொரு வழி கிடைக்குமா என்று அங்கே தேடினார் அருங்காட்சியக இயக்குநர் பாவ்லோ தால் போஜ்ஜெத்தோ. ஒரு அலமாரிக்கு அடியில் தரைக்கதவு! படியிறங்கினால், ஒரு காலத்தில் அடுப்புக்கரி கொட்டிவைத்த சிற்றறை. 10 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். சுவரின் மேல்பூச்சை மெல்லச் சுரண்டினால் கால்கள், முகங்கள், முறுக்கிய உடல்கள் என்று கரிக்கோடுகள் வெளியே வருகின்றன!

மைக்கேலாஞ்சலோ வரைந்தவை என்றார் இயக்குநர். மெடிச்சிகளைத் துரத்திய குடியரசுக்குக் கோட்டை கொத்தளம் அமைத்துக் கொடுத்தவர் அவர். 1530-இல் மெடிச்சிகள் திரும்பி வந்ததும் தலைமறைவானார். தன்னைத் தேடுகிறவர்களின் குடும்பக் கல்லறைக்கு அடியிலேயே பதுங்கியிருந்தார் என்றால், என்ன நெஞ்சழுத்தம்! எல்லாக் கோடும் அவர் போட்டதல்ல என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. 2023 நவம்பரில்தான் இந்த அறை பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு தடவைக்கு 4 பேர், 15 நிமிடம். அப்புறம் கோடுகள் வெளிச்சத்தில் கெடாமலிருக்க 45 நிமிடம் விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

அடுத்து பலாட்சோ வெக்கியோ அரண்மனை. இங்கே நம் கதாநாயகர் வருகிறார்: ஜார்ஜோ வசாரி. ஓவியர், கட்டடக் கலைஞர், எழுத்தாளர். மெடிச்சிகள் வைத்திருந்த சகலகலா வல்லவர். ஒளித்துவைப்பதில் மன்னன்!

54 மீட்டர் நீளமுள்ள ஐந்நூற்றுவர் மண்டபத்தில் எல்லோரும் அண்ணாந்து பொன் விதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஓரத்தில் இருக்கும் சின்னக் கதவுக்குள் நுழையுங்கள். மெடிச்சி இளவரசர் ஃபிரான்செஸ்கோவின் அந்தரங்க அறை. பேருக்குக்கூட ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் ஓவியம். கீழ் வரிசை ஓவியங்கள் ஒவ்வொன்றும் ஒரு அலமாரிக் கதவு! இளவரசர் சேர்த்த அபூர்வப் பொருள்களெல்லாம் அவற்றுக்குள்தான் இருந்தன. ரசவாதத்தில் பித்துப் பிடித்தவர் அவர். ஒரு ஓவியத்தில் அவரே அடுப்படியில் நின்று மருந்து காய்ச்சிக்கொண்டிருக்கிறார். இன்னொரு ஓவியத்தைத் திறந்தால் ரகசியப் படிக்கட்டு, நேரே அப்பா, ஊரை ஆண்ட பிரபு கோசிமோவின் பொக்கிஷ அறைக்கு!

இரகசிய வழிச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தால் விதானத்துக்கு மேலேயும் ஏறலாம். கீழே பொன்னும் தேவதைகளும்; மேலே தூசும் பிரம்மாண்ட மர உத்தரங்களும். வசாரி மண்டபத்தைச் சுமார் 7 மீட்டர் உயர்த்தினார். கூரையைத் தாங்க ஒரு மரச்சட்டகம், 39 ஓவியங்கள் பதித்த விதானத்தைத் தொங்கவிட இன்னொன்று. கீழே வாயைப் பிளந்து நிற்பவர்களின் தலைக்கு மேல் நடந்து போகிற சுகம் இருக்கிறதே!

மகன் கல்யாணத்துக்கு நாம் தெருவை அடைத்துப் பந்தல் போடுவோம். கோசிமோவோ 1565-இல் ஊருக்கு மேலேயே நடைபாதை போட்டார். ஆற்றின் இந்தக் கரையில் அலுவலக அரண்மனை, அந்தக் கரையில் வீட்டு அரண்மனை. நடுவில் சுமார் 750 மீட்டர் நீள மூடிய பாதை. வசாரி ஐந்தே மாதத்தில் முடித்தார். போன்டே வெக்கியோ பாலத்துக் கடைகளின் தலைக்கு மேலேயே அது ஓடுகிறது. பாலத்தின் முனையில் மன்னெல்லி குடும்பத்தார் தங்கள் கோபுரத்தை இடிக்க விடவில்லை. பிரபுவின் பாதை பெட்டிப்பாம்பாக அடங்கிக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது! வழியில் சாந்தா ஃபெலிசிட்டா தேவாலயத்துக்குள் எட்டிப் பார்க்க ஒரு மாடம். கீழே ஜனங்களோடு கலக்காமல் மெடிச்சிகள் அங்கிருந்தே பூசை கண்டார்கள். பாலத்தில் அன்று இருந்தவை கசாப்புக் கடைகள். 1593-இல் அவற்றை விரட்டிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார்கள். இன்றும் அங்கே நகைக்கடைகள்தான். பல வருடம் பூட்டிக்கிடந்த இந்த நடைபாதை 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது.

இப்போது வசாரி செய்த பெரிய கண்கட்டு வித்தைக்கு வருவோம். சாந்தா மரியா நொவெல்லா தேவாலயச் சுவரில் 1425–27 வாக்கில் மசாச்சோ என்ற இளைஞர் பரிசுத்த திரித்துவத்தைத் தீட்டினார். ஈரச் சாந்து காய்வதற்குள் வண்ணம் ஏற்றியாக வேண்டும், அன்றன்றைக்குத் தேவையான அளவுதான் பூசுவார்கள். ஆணியடித்து நூல் கட்டி அழுத்திய கோடுகள் இன்னும் சாந்தில் தெரிகின்றன. மரியாளின் முகத்தில் கட்டம் போட்ட கீறல்கூட உண்டு. தட்டைச் சுவரைக் குடைந்து மண்டபம் கட்டியது போல ஒரு மாயம்! தன் புத்தகத்தில் வசாரியே இதைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார். ஆனால் 1570 வாக்கில் அங்கே புதுப் பலிபீடம் வைக்கும் வேலையும் அவருக்கே வந்தது. அவர் ஓவியத்தைச் சுரண்டவில்லை. முன்னால் பீடத்தை நிறுத்தி மறைத்துவிட்டுப் போனார். 1860-இல் பீடத்தைக் கழற்றியபோதுதான் மசாச்சோ மறுபடி வெளிச்சத்துக்கு வந்தார்.

இதைக் கேட்ட பிறகு ஐந்நூற்றுவர் மண்டபத்துக்கே திரும்ப ஓடத் தோன்றுகிறதா? நியாயம்தான். அங்கே 1503-இல் லியோனார்டோ டா வின்சிக்கு ஆங்கியாரிப் போரைச் சுவரில் தீட்டும் வேலையை ஒப்படைத்தார்கள். இன்று அந்த மண்டபச் சுவர்களில் இருப்பவை வசாரியின் போர்க்களங்கள். அவற்றில் ஒன்றின் உச்சியில், கீழிருந்து கண்ணுக்கு எட்டாத ஒரு சின்னப் பச்சைக் கொடியில், தேடினால் கிடைக்கும் என்ற பொருளில் இரண்டு சொற்கள்! லியோனார்டோவின் ஓவியம் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்குமோ என்று ரேடார் வைத்துப் பார்த்தார்கள், வசாரியின் ஓவியத்திலேயே துளையிட்டும் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பி 2012-இல் தேடல் நின்றது. லியோனார்டோ அந்தச் சுவரில் வண்ணமே பூசவில்லை, அந்தச் சொற்களும் எதிரிகளின் கொடி வாசகத்தைக் கிண்டல் செய்தவைதான் என்று சாதிக்கிறார்கள் சில வரலாற்றாசிரியர்கள். இருக்கலாம். ஆனால் ஒரு தடவை மசாச்சோவை ஒளித்துக் காட்டிய ஆளை எப்படி நம்புவது? காவலாளி அந்தப் பக்கம் திரும்பட்டும், நான் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறேன்!