முட்டத்துப் பாறையும் மணவாளக்குறிச்சி மணலும்

கடல் ஒன்றுதான், கரைகள் பல. நான் வாழும் மீமிசலில் கடல் மிக ஆழமற்றது. இலங்கைத் தீவும் ஆதாம் பாலத்து மணல்திட்டுகளும் பெருங்கடலின் பேரலைகளை மறித்து விடுவதால், பாக் விரிகுடாவினுள் வந்து சேர்வன பெரும்பாலும் சிற்றலைகளே. அலை தளர்ந்த இடத்தில் சேறு படியும். சேறு படிந்த கரை தாழ்ந்து கிடக்கும். தாழ்ந்த கரையில் உப்பளம் அமையும். எங்கள் பகுதியின் நிலையும் தொழிலும் இவ்வாறே அமைந்தன. இத்தகைய கரையில் வளரும் மாணவனுக்குக் ‘கடல்முனை’ என்பது பூகோளப் புத்தகத்தில் மட்டும் வரும் ஒரு சொல். அச்சொல்லின் பொருளைக் கண்ணாரக் காண விரும்புவோர் செல்லவேண்டிய இடம் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம்.

நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலை நோக்கி நிலம் நீட்டிய கைபோல முட்டம் முனை நிற்கிறது. கரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்க, அவற்றின்மீது அலை மோதிச் சிதறுகிறது. மேட்டின்மேல் 1875ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கலங்கரை விளக்கம் இருக்கிறது. நீருள் மறைந்த பாறைகளால் கப்பல்களுக்கு இடையூறு மிகுந்த கடல் அது. விளக்கு தேவைப்பட்டதில் வியப்பில்லை. பாறைக்குப் பின்னால் செம்மண் மேடுகள் உள்ளன. இரும்புச் சத்து ஆக்சைடாகி மணல் மணியின்மேல் போர்வைபோல் படிந்ததால் உண்டான செந்நிறம் அது. மழைநீர் அம்மேடுகளை அறுத்து ஆழமான ஓடைகளாக்கியிருக்கிறது. முனைக்கு வடமேற்கே கடியப்பட்டணம். அங்கே வள்ளியாறு கடலில் கலக்கிறது. அதனை அடுத்து மணவாளக்குறிச்சி. இந்தச் சில கிலோமீட்டர் நீளக் கரையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பெருநாடுகள் கண் வைத்த கரை இது.

முதலில் முனை எவ்வாறு உண்டாயிற்று என்று பார்ப்போம். கரை முழுவதும் ஒரே உறுதியுடைய பொருளால் ஆனதன்று. மெலிந்த இடத்தைக் கடல் விரைவில் அரித்து உள்ளே புகுகிறது. அது விரிகுடா ஆகிறது. வலிய பாறை உள்ள இடம் அரிபடாமல் முன்னே நிற்கிறது. அது முனை ஆகிறது. முனைக்கு எதிரே கடல் ஆழம் குறைந்திருக்குமாதலின், அங்கே வரும் அலையின் வேகம் குறைந்து, அலைவரிசை முனையைச் சுற்றி வளைகிறது. அதனால் அலையின் ஆற்றல் முனையின்மேல் குவிகிறது. பக்கத்து வளைவுகளில் பரந்து தளர்கிறது. முனையில் அடி மிகுதி. வளைவில் படிவு மிகுதி. முட்டத்தில் பாறையும் அதன் பக்கத்தில் மணலும் இருப்பதன் இரகசியம் இதுவே.

இனி அந்தப் பாறையின் வரலாறு. தென்குமரிப் பகுதியின் பாறைகள் சார்னோக்கைட், கார்னெட் கலந்த நைஸ் முதலிய வகையின. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர் முதலிய நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று முட்டிக் கோண்டுவானா என்ற பெருநிலமாக இணைந்த காலத்தில், பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் பேரழுத்தத்தாலும் வெந்து உருமாறிய பாறைகள் இவை. அந்த உலையில்தான் இவற்றினுள் பலவகைக் கனிம மணிகள் விளைந்தன. பிறகு மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து நீங்க, இவை வெளியே தலைகாட்டின. வெப்பமும் மழையும் மிகுந்த மலைச்சாரலில் பாறை உளுத்து மண்ணாகிறது. வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் அம்மண்ணைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கின்றன.

அதன்பின் வேலை அலையினுடையது. தமிழில் ‘கொழித்தல்’ என்று ஓர் அழகிய சொல் உண்டு. நம் வீட்டுப் பெண்மணிகள் முறத்தில் அரிசியைக் கொழிக்கும்போது கனமானது ஒரு பக்கமும் இலேசானது மறுபக்கமுமாகப் பிரிகிறதல்லவா? கடலும் மணலைக் கொழிக்கிறது. சாதாரண வெண்மணலாகிய குவார்ட்ஸ் நீரைப்போல் 2.65 மடங்கு கனமுடையது. கார்னெட் ஏறத்தாழ 4 மடங்கு. இல்மனைட்டும் சிர்க்கானும் நாலரை மடங்குக்கு மேல். மோனசைட் ஏறத்தாழ 5 மடங்கு. ஜூன் மாதம் முதல் தென்மேற்குப் பருவக்காற்றில் எழும் பேரலைகள் கரைமீது ஏறி இறங்குகையில், இலேசான வெண்மணலை இழுத்துச் செல்கின்றன; கனமான மணிகள் பின்தங்கிக் கருமணல் அடுக்காகப் படிகின்றன. இவ்வாறு படிந்ததையே ‘தாதுமணல்’ என்கிறோம்.

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் பல நிற மணலைப் பொட்டலமாக வாங்கி வருவதுண்டு. தேவியின் திருமணம் தடைப்பட்டதால், சமைக்காமல் எஞ்சிய அரிசியும் பருப்பும் மணலாயின என்று மக்கள் கதை சொல்வர். கதை அழகானது. ஆனால் அப்பொட்டலத்தைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். கருநிறம் இல்மனைட், செந்நிறம் கார்னெட், பழுப்புச் சிவப்பு ரூட்டைல், நிறமற்று மின்னுவது பெரும்பாலும் சிர்க்கானும் சில்லிமனைட்டும், தேன்போன்ற மஞ்சள் மோனசைட். ஒரு பிடி மணலில் ஒரு கனிம அருங்காட்சியகமே அடங்கியிருக்கிறது.

இம்மணலின் மதிப்பை உலகம் அறிந்த விதம் விந்தையானது. அதை விளங்கிக்கொள்ள ஒரு விளக்கை நினைவுகூர வேண்டும். என் இளமையில் கோவில் திருவிழாவும் திருமண ஊர்வலமும் பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளியில்தான் நடந்தன. அதன் நடுவே பஞ்சுப் பைபோல ஒரு சிறு வலை தொங்கும். அதற்கு மேண்டில் என்று பெயர். ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி ஆவெர் என்பவர், தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் சேர்த்துச் செய்த வலை, வெப்பத்தில் வெண்ணொளி வீசுவதை 1891 அளவில் நிலைநாட்டினார். ஐரோப்பிய நகரங்களின் தெருக்கள் அவ்வொளியில் மிளிர்ந்தன. தோரியம் வேண்டுமானால் மோனசைட் வேண்டும். மோனசைட்டுக்கு அக்காலத்தில் பிரேசில் நாட்டுக் கடற்கரையையே உலகம் பெரிதும் நம்பியிருந்தது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிறு வந்த வழியே தேடி வந்தவர் சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சிக் கரை. விரைவில் அங்கே மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. நம் தேங்காய்நாரோடு கணக்கில்லாமல் ஏற்றுமதியான அழுக்கு, இவ்வாறு விலைமதிப்புள்ள சரக்காயிற்று.

முதல் உலகப்போர் மூண்டதும் ஜெர்மானியர் பிடி தளர்ந்து, தொழில் ஆங்கிலேயக் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. மின்விளக்கு பரவப் பரவ மேண்டிலுக்குத் தேவை குறைந்தது. ஆனால் கரைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1920களில் இல்மனைட்டிலிருந்து வெள்ளைச் சாயத்துக்குரிய டைட்டானியம் ஆக்சைடு எடுக்கும் தொழில் வளர்ந்தது. முன்பு ஒதுக்கித் தள்ளிய கருமணலுக்கு இப்போது கிராக்கி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அணுசக்தி யுகம் பிறந்தது. மீண்டும் மோனசைட்டின்மீது எல்லாருடைய பார்வையும் திரும்பியது. சுதந்திர இந்தியா 1950இல் இந்திய அரிய மண் நிறுவனத்தைத் தொடங்கியது. கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. 1965இல் மணவாளக்குறிச்சித் தொழில் அந்நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது; இன்றும் அதன் ஆலை அங்கே நடைபெறுகிறது.

ஆலையில் நடப்பது முறத்து வேலையின் தொடர்ச்சியே. ஓடும் நீரில் வெண்மணலைக் கழித்த பின், வலிய காந்தத்தால் இல்மனைட்டை இழுத்தெடுப்பர். உயர் மின்னழுத்தத்தின் வழியே செலுத்தும்போது, மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைலும் கடத்தாத சிர்க்கானும் வெவ்வேறு திசையில் விழும். மோனசைட்டும் கார்னெட்டும் காந்தத்துக்கு ஓரளவே இணங்கும்; அந்த ஓரளவே அவற்றைப் பிரிக்கும் கருவியாகிறது. எடை, காந்தம், மின்சாரம் என்று நீங்கள் வகுப்பில் படிக்கும் மூன்று பாடங்கள் அங்கே தொழிலாக நிற்கின்றன.

மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு தோரியம் ஆக்சைடு இருக்கிறது. தோரியம் தானே அணு எரிபொருளாகாது. நியூட்ரானை ஏற்று யுரேனியம் 233 ஆக மாறிய பின்னரே எரிபொருளாகும். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி என்பதைக் கருதியே ஹோமி பாபா மூன்று கட்டத் திட்டத்தை வகுத்தார். கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய ‘காமினி’ என்ற சிறு ஆய்வு உலை, யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்டது. ஆயினும் தோரியத்தால் பெருமளவில் மின்சாரம் ஆக்கும் நாள் இன்னும் வரவில்லை. இதற்கிடையே மோனசைட்டிலுள்ள நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள், மின்வாகன மோட்டார்களுக்கும் சிலவகைக் காற்றாலைகளுக்கும் வேண்டிய காந்தம் செய்யப் பயன்படுகின்றன. மேண்டில், வெண்சாயம், அணு, காந்தம் என நான்கு தலைமுறையும் ஒரே மணலிடம் நான்கு வெவ்வேறு பொருளைக் கேட்டிருக்கின்றன.

இதுவரை வரவைச் சொன்னேன், செலவையும் சொல்லவேண்டும். கரையில் கிடக்கும் மணலுக்கு, ஆலைக்குப் போகாத நிலையிலேயே ஒரு வேலை உண்டு. புயலலை எழும்போது அதன் வேகத்தை முதலில் தாங்குவது மணல்மேடு. வள்ளத்தை ஏற்றி வைக்கவும், வலையை உலர்த்தவும், மீனைக் காயவைக்கவும் மீனவருக்கு வேண்டிய முற்றமும் அதுவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சல் முதலிய ஊர்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனதை அக்கரை மறக்கவில்லை. ஆகவே, கரையிலிருந்து மணலை எடுக்கும்போது, ‘எங்கள் மதிலை எடுக்கிறீர்கள்’ என்று அவர்கள் சொல்வதை நாம் அலட்சியம் செய்யலாகாது. கனமான மணிகள் நீங்கிய மணல் முன்னிலும் இலேசானது. அலை அதை எளிதில் அள்ளிச் செல்லும் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வொரு பருவக்காற்றிலும் கடல் புதிய தாதுமணலைக் கொண்டுவந்து குவிக்கிறது. அதைத்தானே எடுக்கிறோம் என்பது தொழில் நடத்துவோர் வாதம். கரை அரிபடுவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. ஆற்றில் அணை கட்டினால் மணல் வரத்துக் குறைகிறது. துறைமுகத்துக்குக் கல்லணை நீட்டினால், கரையோரமாக நகரும் மணல் ஒரு பக்கம் தேங்கி மறுபக்கம் வற்றுகிறது. ஓர் ஊரைக் காக்கக் கட்டிய தடுப்புச்சுவர் அடுத்த ஊரின் அரிப்பை மிகுவிப்பதும் உண்டு. எக்காரணத்தால் எவ்வளவு என்று ஆண்டுதோறும் கரையை அளந்து பார்த்தாலன்றித் துணிந்து கூற இயலாது.

கதிர்வீச்சைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். மோனசைட் மிகுந்த கரையில் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிடப் பன்மடங்கு அதிகம். இது ஆலை வருமுன்னரே உள்ள நிலை. கேரளத்தில் இத்தகைய மணல் உள்ள கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதிகக் கதிர்வீச்சு பெற்றோரிடம் புற்றுநோய் மிகுந்திருப்பதாக அது காணவில்லை. ஆயினும் மணலை வாரி, பிரித்து, குவிக்கும் தொழிலில் தூசியும் திரட்சியும் புதியன. அவற்றுக்குத் தனிக் கண்காணிப்பு வேண்டும். ஓர் ஊரின் ஆய்வை எல்லா ஊருக்கும் எல்லா நிலைக்கும் நீட்டுதல் அறிவியல் முறையன்று. ஆய்வே வேண்டாம் என்று அஞ்சி நிற்பதும் அன்று.

கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் தென்கரை கண்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் தனியார் தாதுமணல் எடுத்த முறையில் பெருத்த முறைகேடுகள் நடந்ததாகப் புகார் எழ, 2013இல் தமிழக அரசு அத்தொழிலுக்குத் தடை விதித்தது. ஒரு காலத்தில் இயந்திரங்கள் இரைந்த கடற்கரைகள் பல இன்று பழைய சுரங்கப்பகுதிகளாகிவிட்டன. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் பொதுத்துறைத் திட்டம் 2024இல் விவாதத்துக்கு வந்தபோது, கரையோர மக்கள் திரண்டு எதிர்த்தனர். வழக்கு இன்னும் ஓயவில்லை. ஓயும் காலத்தில் அதைத் தீர்த்துவைக்கும் இடத்தில் இன்று மாணவராயிருக்கும் உங்களில் சிலர் இருக்கக்கூடும்.

அவ்வாறு அமர்வோர் இரண்டு கணக்குகளை ஒருசேரக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒன்று, ஒரு டன் மணலில் எத்தனை கிலோ இல்மனைட், எத்தனை கிலோ மோனசைட் என்ற கணக்கு. அதை எழுதப் பலர் இருக்கின்றனர். மற்றொன்று, அந்த ஒரு டன் மணல் கரையிலேயே கிடந்தால் எத்தனை வீடு, எத்தனை வள்ளம், எத்தனை கிணற்று நன்னீர் காக்கப்படும் என்ற கணக்கு. இந்த இரண்டாம் ஏட்டில் பல பக்கங்கள் வெற்றாகவே கிடக்கின்றன. பாறை மணலாக எடுத்துக்கொண்ட காலம் கோடிக்கணக்கான ஆண்டுகள். இயந்திரம் அதை வாரிச்செல்ல எடுத்துக்கொள்வது ஒரு பகற்பொழுது. இவ்வளவு ஏற்றத்தாழ்வுள்ள ஒரு வாணிபத்தில் ஏடு சரியாக இருப்பது இன்றியமையாதது.

முட்டம் போக இயலாதவர்களும் இப்பாடத்தைத் தொடங்கலாம். உங்கள் ஊர் ஆற்றுமணலிலோ கடல்மணலிலோ ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றித் துழாவுங்கள். ஒட்டும் கருந்துகள்களை எண்ணுங்கள். கரையில் அசையாத ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நீர்விளிம்பு எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை, நீரேற்றத்தின் ஒரே நிலையில் அளந்து எழுதுங்கள். ஐந்தாண்டு எழுதிய ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம், கரையைப் பற்றிய பல மேடைப்பேச்சுகளைவிட உறுதியாகச் சாட்சி சொல்லும்.