உங்களுக்குத் தெரியுமா? மதுரையின் ‘ரோசாப்பூ துரை’

உசிலம்பட்டிச் சீமைக் கள்ளர்கள் ‘ரோசாப்பூ துரை’ என்று கொண்டாடியவர் வெள்ளைக்காரர் அல்லர்; செங்கன்னூரில் 1887-இல் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்!

எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துவிட்டு மதுரையில் வக்கீல் தொழிலில் இறங்கினார். அப்போது குற்றப் பரம்பரைச் சட்டம் பிறமலைக் கள்ளர்களை வாட்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல்நிலையத்தில் படுக்க வேண்டும். குற்றம்? அந்தச் சாதியில் பிறந்ததுதான்! 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்களைத் துப்பாக்கியால் சுட்டது போலீஸ். ஜோசப் அந்த மக்களுக்காக நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் வாதாடினார். நன்றியாகப் பிள்ளைகளுக்கு ‘ரோசாப்பூ’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஹார்வி மில் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்ததிலும் இவருக்குப் பங்குண்டு. ஒத்துழையாமை இயக்கத்துக்காக நல்ல வருமானத்தை உதறினார். மோதிலால் நேருவின் ‘இன்டிபென்டன்ட்’, பிறகு காந்தியின் ‘யங் இந்தியா’ இதழ்களுக்கு ஆசிரியரானார். அதற்காக இவர் சொன்னதற்கெல்லாம் காந்தி தலையாட்டவில்லை. வைக்கம் கோயில் தெருக்களில் ஒடுக்கப்பட்டவர்களும் நடக்க உரிமை கேட்ட 1924 போராட்டத்தில், ‘இது இந்துக்கள் செய்ய வேண்டிய வேலை’ என்று ஜோசப்பை ஒதுங்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். கடிதம் கைக்கு வருமுன்பே போராட்டத்தில் குதித்துச் சிறைக்குப் போய்விட்டார் மனிதர்!

1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜருக்காக வாதாடி மீட்டவர்களில் இவரும் ஒருவர். 1937-இல் மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். மறு ஆண்டு மார்ச்சில், ஐம்பதே வயதில், மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் காலமானார். யானைக்கல் பக்கம் போனால் இவர் சிலையைப் பார்க்கலாம்.