ஜெனரேட்டரை எங்கே வைப்பது?

2019-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள். ஒடிசா மாநிலத்தில் பூரி நகரின் அருகே ஃபானி என்ற புயல் கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பூரியில் பல தெருக்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அடுத்த ஆண்டு மே 20-ஆம் நாள் அம்பன் புயல் மேற்கு வங்காளத்தைத் தாக்கியது. கொல்கத்தா எவ்வளவு பெரிய நகரம்! அங்கேயே சில பகுதிகள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன.

இப்படிப்பட்ட நாட்களில் சிறிய ஜெனரேட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் பெரிய உதவி. விளக்கு எரியும். செல்போனுக்குச் சார்ஜ் ஏறும். கைக்குழந்தைக்கு மின்விசிறி சுற்றும்.

ஆனால் வெளியே மழை. ஜெனரேட்டர் நனைந்துவிடுமே என்ற கவலை. யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ என்ற பயம். அதனால் அதை உள்ளே இழுத்து வைக்கத் தோன்றும். திண்ணையில், மாடிப்படிக்கு அடியில், சமையலறையில் என்று வைப்பார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. இந்த ஒரு தவறுதான் உயிரை எடுக்கிறது.

ஏன் தெரியுமா? ஜெனரேட்டர் பெட்ரோலில் ஓடினாலும், டீசலில் ஓடினாலும், மண்ணெண்ணெயில் ஓடினாலும் அதன் புகையில் ஒரு விஷ வாயு இருக்கும். அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. "புகை வாசனை வரவில்லையே, பயமில்லை" என்று சொல்ல முடியாது. மற்றப் புகை மூக்கைக் கரிக்கும், இருமல் வரும், நாம் எழுந்து ஓடுவோம். இது அப்படி எச்சரிக்காது.

நம் ரத்தம் ஒரு பஸ் மாதிரி. மூச்சில் வரும் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுவதும் போய் இறக்கிவிடும். கார்பன் மோனாக்சைடு அந்தப் பஸ்ஸில் முண்டியடித்து ஏறி எல்லா இருக்கையையும் பிடித்துக்கொள்கிறது. எளிதில் இறங்காது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலாக அது ரத்தத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிராணவாயுவுக்கு இடம் இல்லை. மூளையும் இதயமும் தவித்துப் போகின்றன.

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், வாந்தி, கைகால் சோர்வு. பசி என்றோ, வெயில் என்றோ, களைப்பு என்றோ நினைத்துப் படுத்துவிடுவார்கள். படுத்தவர் எழாமல் போகலாம். வட இந்தியாவில் குளிர்காலத்தில் அங்கீட்டி என்ற கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் உண்டு. அதற்குக் காரணமும் இதே வாயுதான்.

ஓர் அடையாளத்தை நினைவில் வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? வெளியே போனால் குறைகிறதா? அப்படியானால் விஷவாயுவாக இருக்கலாம். உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். மயங்கியவரைத் தூக்கி வெளிக்காற்றில் படுக்க வையுங்கள். அவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அங்கே பிராணவாயு கொடுப்பார்கள்.

சரி, ஜெனரேட்டரை எங்கே வைப்பது? வெட்டவெளியில், கதவு ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி. புகைக்குழாய் வீட்டைப் பார்க்கக் கூடாது. பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்க்கக் கூடாது. அவர்களும் மூச்சு விடுகிறவர்கள்தானே. மழைக்கு, நான்கு பக்கமும் திறந்த ஒரு கூரை போடலாம். தார்ப்பாயால் சுற்றி மூடக் கூடாது. நெருக்கமான சந்தில் இருப்பவர்களுக்கு 20 அடிக்கு எங்கே போவது? இடம் இல்லை என்றால் ஜெனரேட்டரே வேண்டாம். இன்வெர்ட்டரோ சூரிய விளக்கோ போதும்.

இன்னோர் ஆபத்து வயரில் இருக்கிறது. சிலர் இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள பிளக்கோடு இணைத்துவிடுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கு எரியும். ஆனால் அந்தக் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். தெருவில் உள்ள டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 230 வோல்ட்டாகக் குறைத்து நமக்குத் தருகிறது. கரண்ட் எதிர்ப்பக்கமாகப் போனால் அதே டிரான்ஸ்பார்மர் 230-ஐ 11,000 ஆக ஏற்றிவிடும். கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். உங்கள் வீட்டு விளக்கை எரிய வைக்க வந்தவர் அவர்.

ஆகவே எலக்ட்ரீசியனை அழைத்து சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு கரண்ட்தான் வீட்டுக்குள் வரும். அதற்கு வசதி இல்லையா? தடித்த ரப்பர் வயர் ஒன்றை ஜெனரேட்டரில் செருகி, விளக்கையும் விசிறியையும் அதிலேயே மாட்டுங்கள்.

எத்தனை மாட்டலாம்? கூட்டிப் பாருங்கள். விசிறி 75 வாட். டியூப்லைட் 40 வாட். டிவி 100 வாட். மொத்தம் 215. ஆயிரம் வாட் ஜெனரேட்டருக்கு இது எளிது. இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் அது ஒன்றே ஆயிரம் வாட்டைத் தின்றுவிடும்.

ஓடும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். சூடான இயந்திரத்தில் ஒரு துளி சிந்தினாலும் தீப்பிடிக்கும். நிறுத்திவிட்டு, கால்மணி நேரமாவது ஆறவிட்டு ஊற்றுங்கள். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிடும்.

கரண்ட் வந்துவிட்டதா? முதலில் விளக்கு, விசிறி எல்லாவற்றையும் அணையுங்கள். ஜெனரேட்டர் இரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும். பிறகு நிறுத்தி, பெட்ரோல் குழாயை மூடுங்கள். சூடு ஆறிய பிறகு அதை ஒரு கொட்டகையில் வையுங்கள்.