மூச்சில் துள்ளும் எஃகுக் குண்டு

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. நுரையீரலின் சின்னஞ்சிறு கிளைக்குழாய்களைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கும் நார்களைப் பீடிப் புகையோ விறகடுப்புப் புகையோ அரித்துவிடுகிறது. மூச்சை விடும்போது அந்தக் குழாய்கள் நனைந்த காகித ஸ்ட்ரா போல ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. போதாததற்குச் சளி வேறு.

இரண்டையும் ஒருசேரச் சமாளிக்க வந்ததுதான் ‘ஃப்ளட்டர்’. புகைக்குழல் வடிவில் கைக்கு அடக்கமான கருவி. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு புனல், அதில் கோலிக்குண்டு பருமனில் ஓர் எஃகுக் குண்டு, மேலே துளையிட்ட மூடி. அவ்வளவுதான்.

ஊதினால் குண்டு வழிமறிக்கிறது. அழுத்தம் ஏறி அதைத் தூக்குகிறது, காற்று தப்புகிறது, அழுத்தம் இறங்கிக் குண்டு விழுகிறது. நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை இதே ஆட்டம்!

குண்டின் தடையால் உண்டாகும் எதிரழுத்தம், அதாவது காற்றைப் பின்னோக்கித் தள்ளும் அழுத்தம், சுருங்கும் குழாய்களுக்கு உள்ளிருந்தே முட்டுக்கொடுக்கிறது. அளவு 10 முதல் 25 செ.மீ. நீரழுத்தம்: அரைச் சாண், ஒரு சாண் ஆழத் தண்ணீரின் அடியில் குமிழி விடுகிற முயற்சி. நோயாளிகள் பலர் யாரும் சொல்லித்தராமலே, காபியை ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து ஊதுவதும் இதற்காகத்தான்.

அதிர்வுக்கு வேறு வேலை. கெட்டித் தயிர் கலக்கினால் இளகுமல்லவா? சளியும் அப்படித்தான். மூச்சுக்குழாய்ச் சுவரில் அதை மேலே தள்ளும் நுண்மயிர்கள் அசைவதும் ஏறக்குறைய இதே வேகத்தில்! கருவியை நிமிர்த்தினால் அதிர்வு விரைவாகும், தாழ்த்தினால் தணியும். நோயாளி மார்பில் உள்ளங்கையை வைத்து, அதிர்வு நன்றாக உறைக்கும் கோணத்தைத் தானே கண்டுபிடிக்கிறார்.

ஊதுமுன் இரண்டு மூன்று நொடி மூச்சைப் பிடிக்கச் சொல்வார் பிசியோதெரபிஸ்ட். எனக்கு மிகப் பிடித்த சூட்சுமம் இது. காற்றறைகளின் சுவர்களில் நுண்துளைகள் உண்டு. சளி ஓர் அறையின் வாசலை அடைத்திருந்தாலும், மூச்சைப் பிடித்திருக்கும் அந்த நொடிகளில் இத்துளைகளால் பக்கத்து அறை வழியே காற்று கசிந்து சளியின் முதுகுப்புறம் சேர்கிறது. பிறகு அங்கிருந்தே அதை வெளியே தள்ளுகிறது.

பல மருத்துவமனைகளில் ஃப்ளட்டருக்குப் பதிலாக ஒரு பாட்டில் தண்ணீரும் அதற்குள் ஊத ஒரு குழாயுமே போதும். குழாயின் நுனி 10 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். உள்விட்டம் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் எதிரழுத்தத்தை நிர்ணயிப்பது தண்ணீரின் ஆழமாக இராது, குழாயின் குறுகலாகிவிடும்.